பாட்டுக்கு வாசிக்கிற கை: ஜாஸ், ராக் டிரம்ஸ் பழக வருகிறவர்களுக்கு

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் சனி, ஞாயிறு காலைகளில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் சிலர் ஐ.டி. வேலைக்காகச் சேலம், மதுரை, கோயமுத்தூரிலிருந்து பெங்களூர் வந்தவர்கள். மற்றவர்கள் மர்பி டவுன், சிவாஜி நகர், காக்ஸ் டவுன் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். அவர்களில் பலருக்குச் சர்ச் பாடகர் குழுவில்தான் முதன்முதலாக ஸ்டிக் கைக்கு வந்திருக்கும். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, ஸ்பீடு எப்போ வரும்?"

நான் திருப்பி ஒன்று கேட்பேன். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது மிருதங்கக்காரரைப் பற்றிப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "தனி பிரமாதம்" என்பார்கள். ஆனால் நிஜமாகவே மனசு நிறைந்திருந்தால் சொல்வது வேறு: "பாட்டுக்கு வாசிச்சார்." பாடகர் இழுக்கிற இடத்தில் விட்டுக்கொடுத்து, நிரவலில் சூடு ஏறும்போது கூடவே ஏறி, முடிகிற இடத்தில் தானும் முடிகிற கை அது. அந்தக் கை இருந்தால் சுமாரான பாட்டு நல்ல பாட்டாகிறது.

ஜாஸிலும் ராக்கிலும் நல்ல டிரம்மரை அளக்கிற கோல் இதுவேதான். கூட வாசிக்கிற பேஸிஸ்டும் (பேஸ் கிட்டார்காரர்) கிட்டாரிஸ்டும் பாடகரும் அவர் உட்கார்ந்த நாளில் வழக்கத்தைவிட நன்றாக வாசிக்கிறார்களா என்று பாருங்கள். ஆம் என்றால் அவர் பெரிய டிரம்மர். வேகம், சுழற்சி, சோலோ எல்லாம் அதற்குப் பிறகு. கீழே நான் சொல்லப்போகிற படிகள் எல்லாம் இந்த ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குத்தான்.

வாங்குவதற்கு முன் கேளுங்கள்

முதல் இரண்டு வாரம் எதுவும் வாங்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம் நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஒரு பாட்டை மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை பேஸ் டிரம் மட்டும் (காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்), இரண்டாம் தடவை ஸ்னேர் மட்டும் (முழங்கால்களுக்கு நடுவில் இருக்கிற, சுரீரென்று ஒலிக்கிற டிரம்), மூன்றாம் தடவை சிம்பல் மட்டும் (உலோகத் தட்டு). கண்ணை மூடிக்கொண்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து வரும்.

ஜாஸுக்கு 1959ல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். டிரம்ஸ் ஜிம்மி காப். முதல் பாட்டில் டிரம்பெட் சோலோ ஆரம்பிக்கிற இடத்தில் அவர் ஒரே ஒரு முறை சிம்பலைத் தட்டுகிறார். அந்த ஒலி விரிந்து, மெதுவாக அடங்கி, டிரம்பெட்டுக்குக் கீழே ஒரு பாயைப் போட்டுக் கொடுத்த மாதிரி கிடக்கும். ஒரு அடிதான். அதை யாரிடம் போட்டுக் காட்டினாலும் இரண்டாவது தடவை கேட்கச் சொல்கிறார்கள்.

ராக்குக்கு ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். 1963ல் அந்தக் குழுவில் சேர்ந்தவர், 2021ல் இறக்கும் வரை அதிலேயே இருந்தவர். மனசளவில் ஜாஸ்காரர். சின்ன செட், மிகக் குறைந்த அலங்காரம். அவர் வாசிக்கும் வீடியோ கிடைத்தால் வலது கையைப் பாருங்கள். ஸ்னேரில் அடி விழும்போது ஹை-ஹேட்டிலிருந்து (இடது காலால் மூடித் திறக்கிற ஜோடி சிம்பல்) அந்தக் கை லேசாக மேலே எழுந்துவிடும். இரண்டையும் சேர்த்து அடிக்க மாட்டார். அதனால் ஸ்னேருக்கு அந்த நொடி முழுக்கச் சொந்தமாகிறது. இத்தனை சின்ன விஷயம் ஒரு குழுவின் ஓசையையே தீர்மானிக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால், இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனைக் கேளுங்கள். வயலின் கூட்டமும் பேஸ் கிட்டாரும் ஓடுகிற நடுவில் டிரம்ஸ் எங்கே வருகிறது, எங்கே வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்கிறது என்று கவனித்தாலே ஒரு மாதத்துப் பாடம்.

நேரில் பார்ப்பதும் அவசியம். வொயிட்ஃபீல்ட் விண்ட்மில்ஸில் ஜாஸ் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அல்சூரிலிருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோவிலேயே அந்தப் பக்கம் போய்விடலாம். டிரம்மரின் கையைவிடக் கால் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். கை என்ன செய்கிறது என்பது பிறகு வீடியோவில்கூடத் தெரியும், கால் தெரியாது.

வாங்க வேண்டியது

ஒரு ஜோடி ஸ்டிக், ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேட், சீராகக் கிளிக் கிளிக் என்று எண்ணிக்கை காட்டுகிற மெட்ரோனோம் ஆப் ஒன்று போனில். முதல் மூன்று மாதத்துக்கு இது போதும். ஸ்டிக்கில் 5ஏ என்று போட்டிருப்பது நடுத்தரப் பருமன், எல்லாவற்றுக்கும் ஆகும். 7ஏ மெலிசு, மென்மையான ஜாஸுக்கு ஏற்றது. 5பி, 2பி தடிமனாகிக்கொண்டே போகும். வாங்கும்போது கடையின் தரையில் உருட்டிப் பாருங்கள். கோணலாக இருந்தால் துள்ளி ஓடும். பிறகு ஒவ்வொன்றாகப் பேடில் தட்டி, ஒரே சுருதியில் ஒலிக்கிற இரண்டை ஜோடியாக எடுங்கள்.

முழு செட் வாங்குகிற காலம் வந்தால் பேஸ் டிரம்மின் அளவைக் கேளுங்கள். ஜாஸுக்கு 18 அங்குலம் வழக்கம். சுருதி கொஞ்சம் மேலே நிற்கும், தட்டினால் பாடும். ராக்குக்கு 22 அங்குலம். லெட் செப்பெலினின் ஜான் பானம் 26 அங்குலத்தில் வாசித்தார். இரண்டும் பழக நினைப்பவர்கள் 20 அங்குலத்தில் சமாளிக்கலாம். காசு குறைவாக இருந்தால் டிரம்மில் குறைத்துக்கொள்ளுங்கள், சிம்பலில் குறைக்காதீர்கள். மட்டமான டிரம்மையும் நல்ல ஸ்கின் மாட்டி, நன்றாக ட்யூன் செய்து ஒலிக்க வைத்துவிடலாம். மட்டமான சிம்பலை என்ன செய்தாலும் தாம்பாளம் மாதிரிதான் ஒலிக்கும்.

அபார்ட்மெண்டில் இருக்கிறவர்கள் எலக்ட்ரானிக் செட் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். பேட் சத்தம் அடங்கிவிடும். ஆனால் கிக் பெடலை (பேஸ் டிரம்மைத்தான் கிக் என்றும் சொல்வோம்) மிதிக்கிற அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போகும். கீழே கனமான ஃபோம் மெத்தை போட்டு அதன் மேல் செட்டை வையுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சட்டப்படியே அமைதி நேரம். பேடில் வாசிக்கவும், வாயால் சொல்லிப் பார்க்கவும் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

காதுக்கு இயர் பிளக். சின்ன அறையில் டிரம்ஸ் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். போன கேட்கும் திறன் திரும்பி வராது. இதை என் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். பிளக் இல்லாமல் வந்தால் அன்றைக்கு பேட் மட்டும்தான்.

உட்காருவது, பிடிப்பது

ஸ்டூல் உயரம் முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி இருக்கட்டும். முதுகு நேராக, தோள் தளர்வாக. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஸ்டிக்கின் பின்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள். மற்ற மூன்று விரல்களும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். பிறகு ஸ்டிக்கைப் பேடின் மேல் விழ விடுங்கள். அது தானாகத் துள்ளி எழும். அந்தத் துள்ளலை அழுத்தி நிறுத்தாமல் மேலே வர விடுவதுதான் முழு டெக்னிக்கும். ஸ்டிக் பாதி வேலையைச் செய்யும், நீங்கள் பாதி செய்தால் போதும். மணிக்கட்டில் வலி வந்தால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திக் கையை உதறிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சில ஜாஸ்காரர்கள் இடது கை ஸ்டிக்கை உள்ளங்கை மேல்நோக்கி வைத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராணுவ அணிவகுப்பில் டிரம்மைத் தோளிலிருந்து சாய்வாகத் தொங்கவிட்டு வாசித்த காலத்திலிருந்து வந்த பிடி அது. அழகானது. ஆனால் இரண்டு கையும் ஒரே மாதிரி பிடிப்பதில் தொடங்கினால் சீக்கிரம் வரும்.

இடக்கைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர், ஆனால் வலக்கைக்காரர் செட்டில் வாசித்தார். அவருடைய ஃபில் (பாட்டின் ஒரு பகுதி முடிகிற இடத்தில் நிரப்பி வாசிக்கிற துண்டு) எதிர்பாராத பக்கத்திலிருந்து உருள்வதற்கு அதுவும் காரணம். நம் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இடக்கைதான்.

தினசரிப் பயிற்சிக்கு மூன்று சொற்கட்டு போதும். வலது, இடது மாறி மாறி ஒவ்வொரு அடி. வலது வலது, இடது இடது என்று இரண்டிரண்டு. அப்புறம் பாராடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இவற்றை மெதுவாக, ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும்படி, ஐந்து ஐந்து நிமிடம். அடிப்படைச் சொற்கட்டு மொத்தம் 40 என்று பட்டியல் இருக்கிறது. இந்த மூன்று ஒழுங்காக வந்தவருக்கு மற்றவை சிக்கல் இல்லாமல் வரும்.

காலம்: இங்கேதான் அதிக நாள் ஆகும்

சர்வலகு என்று மிருதங்கத்தில் சொல்கிறோமே, எந்த ஆரவாரமும் இல்லாமல் ஆற்று நீர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற வாசிப்பு, அதுதான் டிரம்ஸுக்கும் உயிர். அதை நிற்க வைப்பதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழி இது.

மெட்ரோனோமை 60ல், அதாவது நிமிடத்துக்கு 60 கிளிக்கில், வையுங்கள். பேடில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு அடி. அடி மிகச் சரியாக விழும்போது கிளிக் சத்தம் உங்களுக்குக் கேட்காமல் போகும், உங்கள் அடிக்குள்ளே மறைந்துவிடும். கேட்டால் நீங்கள் முன்னாலோ பின்னாலோ இருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து மறைய வைக்க முடிந்தால் முதல் கதவு திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மெட்ரோனோமைப் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்து அந்தக் கிளிக்கை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் மூன்றும் இப்போது உங்கள் பொறுப்பு. முதல் வாரம் தலை சுற்றும். அது பழகியதும் நான்கு எண்ணிக்கைக்கு ஒரே ஒரு கிளிக். கிளிக்குகளுக்கு நடுவில் இருக்கிற அந்த வெட்டவெளியில் யாரும் உங்களைத் தாங்க மாட்டார்கள். அங்கே வேகம் மாறாமல் நிற்கப் பழகுவதுதான் காலப்பிரமாணம்.

மெதுவாக வாசிப்பது வேகமாக வாசிப்பதைவிடக் கடினம். 40ல் வாசித்துப் பாருங்கள், தெரியும்.

காலம் ஓடிப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். போன மாதம் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வாசிக்க உட்கார்ந்தான். ஏழு பார் (நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார்) அருமையாகப் போயிற்று. எட்டாவது பாரில் ஃபில் வர வேண்டும். ஏழாவது பார் பாதியிலேயே அவன் வலது தோள் காதை நோக்கி ஏற ஆரம்பித்தது. உதடு இறுகியது. மூச்சை அடக்கிக்கொண்டான். டாம் என்கிற பக்கத்து டிரம்களில் உருட்டிக்கொண்டு போய்க் கிராஷ் சிம்பலில் ஓங்கி இறங்கியபோது கால்வாசி எண்ணிக்கை முன்னாலேயே வந்துவிட்டான். அவனுக்குத் தெரியவில்லை. போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டியதும் அவனே, "அண்ணா, நான் மூச்சே விடல" என்றான்.

அவனுக்குச் சொன்ன மருந்தையே உங்களுக்கும் சொல்கிறேன். ஃபில்லை முதலில் வாயால் சொல்லுங்கள். "தகதிமி தகஜணு" என்று கையால் எண்ணிக்கை போட்டுக்கொண்டு, எட்டு பாரையும் விடாமல் சொல்லுங்கள். வாயில் வராதது கையில் வராது. வாயில் நிதானமாக வந்தால் மூச்சும் தானாக ஓடும், ஏனென்றால் மூச்சு இல்லாமல் சொல்லவே முடியாது. அப்புறம் வாயும் கையும் சேர்ந்து. கடைசியில் கை மட்டும். இரண்டு வாரத்தில் அவன் தோள் இறங்கிவிட்டது.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஜர்னி என்ற ராக் குழுவில் வாசித்துப் புகழ்பெற்று, ஜாஸிலும் பெயர் எடுத்த ஸ்டீவ் ஸ்மித், தாளச் சொற்களை வாயால் சொல்கிற நம் கொன்னக்கோலைத் தேடிக் கற்றுத் தன் வாசிப்பில் சேர்த்துக்கொண்டார். நம் ஊரிலேயே மிருதங்கக் கலைஞர் டி.ஏ.எஸ். மணி 1964ல் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனைத் தொடங்கினார். அவரும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு சேர்ந்து 1983ல் ஆல்பம் வெளியிட்டார்கள். இன்னும் பின்னால் போனால், 1958ல் அமெரிக்க ஜாஸ் குழுவான டேவ் புரூபெக் குவார்டெட் மெட்ராஸ் வந்தபோது அவர்களுடைய டிரம்மர் ஜோ மோரெல்லோ, பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். அடுத்த வருடம் அதே மோரெல்லோ வாசித்துப் பதிவான 'டேக் ஃபைவ்' என்ற ஐந்து எண்ணிக்கைப் பாட்டைப் பிறகு உலகம் முழுக்க முணுமுணுத்தார்கள். கண்டம் என்கிற ஐந்தின் கணக்கு நமக்குப் புதிதா? அதனால் மிருதங்கமோ தவிலோ கொஞ்சம் பழகியவர்கள் அதை மறந்துவிட்டு வர வேண்டாம், கொண்டுவாருங்கள்.

ஸ்விங்

ஜாஸின் மூச்சு ரைடு சிம்பலில், அதாவது தாளத்தை விடாமல் ஓட்டுகிற பெரிய சிம்பலில், இருக்கிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. முன்பு பேஸ் டிரம்தான் நான்கு எண்ணிக்கையையும் அழுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கவுண்ட் பேஸி குழுவில் ஜோ ஜோன்ஸ் அந்த வேலையை ஹை-ஹேட்டுக்கு மாற்றினார். பிறகு 1940 வாக்கில் கென்னி கிளார்க் ரைடு சிம்பலுக்குக் கொண்டுபோனார். மிக வேகமான பாட்டுகளில் கால் ஓய்ந்துபோனதும் ஒரு காரணம் என்பார்கள். அதனால் கிடைத்தது பெரிய விடுதலை. பேஸ் டிரம்மும் இடது கையும் இனி காலம் காட்ட வேண்டியதில்லை, பேசலாம்.

இந்த ஸ்விங் நடையை எப்படி வாசிப்பது? ஒவ்வொரு எண்ணிக்கையையும் திஸ்ரமாக, தகிட என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றாம் எண்ணிக்கையில் 'த' மட்டும் அடியுங்கள். இரண்டில் 'த'வும் 'ட'வும். மூன்றில் 'த' மட்டும். நான்கில் மறுபடி 'த'வும் 'ட'வும். இடது கால் ஹை-ஹேட்டை இரண்டிலும் நான்கிலும் மூடட்டும். வலது கால் பேஸ் டிரம்மை நான்கு எண்ணிக்கையிலும் இறகால் தடவுகிற மாதிரி தொடட்டும். அது காதில் தனியாக விழக்கூடாது, நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும்.

வேகம் ஏற ஏற அந்தத் திஸ்ரம் நெகிழ்ந்து சமமாகிக்கொண்டே வரும். எவ்வளவு நெகிழ வேண்டும் என்பதற்குக் கணக்கு கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும், அதுதான் அவரவர் கையெழுத்து. எல்வின் ஜோன்ஸ் மூன்றையும் அலை மாதிரி செட் முழுக்கப் புரட்டுவார். ஆர்ட் பிளேக்கியின் ஹை-ஹேட் இரண்டிலும் நான்கிலும் ஆணி அடித்த மாதிரி விழும். டோனி வில்லியம்ஸ் 1963ல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு 17 வயது. அந்த வயதில் அவர் சிம்பலில் காட்டிய துணிச்சல் இன்றும் என்னை உட்கார வைத்துக் கேட்க வைக்கிறது.

ஸ்விங்கில் இடது கைக்கு முதல் மூன்று மாதம் வேலையே கொடுக்காதீர்கள். ரைடு சிம்பல் பத்து நிமிடம் தொய்யாமல் ஓடிய பிறகு, சோலோ வாசிக்கிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் ஸ்னேரில் ஒரு சின்ன பதில். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிற மாதிரி. கதை சொல்கிறவரின் மேல் ஏறி "ஆமா" போட்டால் எப்படி இருக்கும்? அதேதான் இங்கேயும்.

ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது. ஸ்டிக்குக்குப் பதிலாகப் பிடிக்கிற கம்பி இழை பிரஷ் பழக வேண்டுமென்றால் ஸ்னேரில் சொரசொரப்பான, வெள்ளைப் பூச்சு உள்ள ஸ்கின் இருக்க வேண்டும். வழுவழுப்பான ஸ்கின்னில் பிரஷ்ஷை எவ்வளவு தேய்த்தாலும் அந்தச் 'ஷ்ஷ்' ஒலி வராது. இது தெரியாமல் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டின் அமைப்பையும் மனசில் வைத்திருங்கள். ப்ளூஸ் என்றால் 12 பார். பழைய ஜாஸ் பாட்டுகளில் நிறைய 32 பார்: எட்டு, எட்டு, வேறு மெட்டில் ஒரு எட்டு, மறுபடி முதல் எட்டு. சோலோ எவ்வளவு நீண்டாலும் இந்தச் சுற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று டிரம்மருக்குத் தெரியவில்லை என்றால் மேடையில் யாருக்கும் தெரியாது. மெட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே வாசியுங்கள், தொலைந்துபோக மாட்டீர்கள்.

ராக்

ஹை-ஹேட்டில் எட்டு, ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும், கிக் ஒன்றிலும் மூன்றிலும். ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதனால்தான் இதை எளிது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஸ்னேர் அடி ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் விழ வேண்டும். நான்கு நிமிடப் பாட்டில் அந்த அடி இருநூறு தடவைக்கு மேல் வரலாம். இருநூறாவது அடியும் முதல் அடி மாதிரியே இருந்தால் பாடகர் அதன் மேல் சாய்ந்துகொள்வார். அடுத்தது ஒலிகளின் அளவு. போனை அறையின் மறு கோடியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அனேகமாக ஹை-ஹேட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இரையும். புதியவர்கள் எல்லோருக்கும் இது வரும். கிக்கும் ஸ்னேரும் முன்னால், ஹை-ஹேட் அவற்றுக்குப் பின்னால் என்று நிற்கும் வரை வலது கையை அடக்குங்கள். மைக்கில் சவுண்ட் என்ஜினியர் சரிசெய்வார் என்று விடாதீர்கள். நல்ல டிரம்மர் தன் கையாலேயே மிக்ஸிங் செய்கிறார்.

பெரிய அடிகளுக்கு நடுவில் ஸ்னேரில் காதோடு பேசுகிற மாதிரி சின்னச் சின்ன அடிகள் உண்டு. கோஸ்ட் நோட் என்பார்கள். பெர்னார்ட் பர்டி என்ற டிரம்மரின் ஷஃபிளை, அதாவது திஸ்ரத்தில் உருளும் நடையை, கேட்டால் அவை எப்படித் தாளத்தை உருட்டிக்கொண்டு போகின்றன என்று புரியும். அதையும் பானமின் வாசிப்பையும் குழைத்துத்தான் டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ 1982ல் தன் புகழ்பெற்ற அரைவேக ஷஃபிளை உண்டாக்கினார்.

பானமைப் பற்றி ஒரு வார்த்தை. 32 வயதில், 1980ல் போய்விட்டார். பலமாக அடிப்பவர் என்றே அவரைச் சொல்கிறார்கள். அவர் வலது கால் ஒற்றைப் பெடலில் செய்ததைக் கேட்டு இரண்டு பெடல் என்று நம்பியவர்கள் உண்டு. பலத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்தக் கனத்துக்குள்ளே ஒரு ஸ்விங் இருந்தது என்பதுதான். ராக் வாசிக்க வருகிறவர்களை நான் ஜாஸ் பக்கமும் தள்ளுவது இதனால். அடி கல் மாதிரி இருக்கலாம், நடை நடனமாக இருக்க வேண்டும்.

மற்றவர்களோடு

தனியாக ஆறு மாதம் ஆனதும் ஆட்களைத் தேடுங்கள். தாமதிக்க வேண்டாம். கம்மனஹள்ளி, இந்திரா நகர், கோரமங்கலா பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு ஜாம் ரூம் கிடைக்கும். முதலில் பேஸ் வாசிக்கிற ஒருவர் கிடைத்தால் போதும். நீங்கள் இருவர் மட்டும் ஒரு மணி நேரம் ஒரே நடையை வாசியுங்கள். உங்கள் கிக்கும் அவருடைய நரம்பும் ஒரே ஒலியாக ஒட்டுகிற நொடி வரும். வயிற்றில் தெரியும்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பேஸிஸ்ட் மாமா. ஃப்ரேசர் டவுன்காரர், என்னைவிட முப்பது வயது மூத்தவர். முதல் ரிகர்சலில் நான் இரண்டு பாருக்கு ஒரு ஃபில் போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் அவர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, நீ பேசறது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் எப்ப பேசறது?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அடுத்த பாட்டு முழுக்க ஒரு ஃபில்கூடப் போடாமல் வாசித்தேன். அன்றைக்குத்தான் அவர் விரல் என்ன வாசிக்கிறது என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

அதையே உங்களுக்குப் பயிற்சியாகத் தருகிறேன்: ஒரு ரிகர்சல் முழுக்க ஃபில் கிடையாது, கிராஷ் கிடையாது. சரணம் மாறுவதை ஹை-ஹேட்டிலிருந்து ரைடுக்குப் போவதால் மட்டும் காட்டுங்கள். எவ்வளவு சொல்ல முடிகிறது என்று பார்த்து அசந்துபோவீர்கள்.

சோலோ வரும் நாளும் வரும். ஜாஸில் நாலு பார் அவர், நாலு பார் நீங்கள் என்று மாற்றி மாற்றி வாசிப்பது வழக்கம். அவர் கடைசியாக வாசித்த வாக்கியத்தின் தாளத்தை அப்படியே எடுத்து டிரம்மில் சொல்லித் தொடங்குங்கள். மேக்ஸ் ரோச் சோலோ வாசித்தால் பாட்டின் மெட்டே டிரம்மில் கேட்கும். கையில் இருக்கிற எல்லாவற்றையும் நாலு பாருக்குள் கொட்டத் தேவையில்லை.

முதல் மேடைக்கு எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு ஜோடி ஸ்டிக், ட்யூன் செய்கிற சாவியான டிரம் கீ, இயர் பிளக், ஒரு பழைய கம்பளம். கம்பளம் எதற்கு என்கிறீர்களா? ஒரு ஹோட்டல் நிகழ்ச்சியில் எங்களுக்குக் கொடுத்த இடம் பளிங்குத் தரை. விரிப்பு கேட்டும் வரவில்லை. ஒவ்வொரு கிக்குக்கும் பேஸ் டிரம் ஒரு விரல் அளவு முன்னால் நகர்ந்தது, மூன்றாவது பாட்டில் பெடல் என் காலுக்கு எட்டவில்லை. பாடகர் ஸ்கேல் மாற்றியதைக்கூட நான் கவனிக்கவில்லை, கவனமெல்லாம் தரையில். அதிலிருந்து கம்பளம் இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

மேடையில் உட்கார்ந்ததும் உடனே எண்ணத் தொடங்காதீர்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் கை வேகமாகத்தான் வரும். பாட்டின் பல்லவியை மனசுக்குள் ஒரு வரி பாடிப் பாருங்கள். சொற்கள் வாயில் முட்டாமல், இழுபடாமல் எந்த வேகத்தில் வருகின்றனவோ அதுதான் அந்தப் பாட்டின் வேகம். பேஸிஸ்டைப் பாருங்கள், அவர் தலையசைக்கட்டும். அப்புறம் ஸ்டிக்கைத் தட்டி நாலு எண்ணுங்கள்.